இரண்டு தட்டிலும் என் ரத்தம்

மகனே,

இப்படி நான் உன்னைக் கூப்பிட்டதே இல்லை. நேரில் பார்த்தால் "டேய் வினோத்து", போனில் "இன்னாடா விஞ்ஞானி", அவ்வளவுதான். நீயும் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாய். செத்துப்போன என் அண்ணனுடைய பிள்ளை நீ, அதுதான் முறை. ஆனால் எழுத உட்கார்ந்ததும் கை தானாக இப்படி ஆரம்பித்துவிட்டது. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் நல்ல வெள்ளைத் தாள், அசிங்கமாகப் போய்விடும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் சித்தப்பாவுக்கு மலேரியா. நீ பெங்களூரில் கண்ணாடிக் குழாயில் வளர்த்து ஆராய்ச்சி செய்கிறாயே, அதே மலேரியாதான், வகை மட்டும் வேறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வருகிறது. இன்று விட்ட நாள், அதனால்தான் எழுத்து நேராக இருக்கிறது. நேற்று நீ போன் செய்தபோது "வீடு நிறைய ஆளுங்கடா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன் இல்லையா? வீட்டில் ஒருவரும் இல்லை. நீ கேட்ட சத்தமெல்லாம் டிவி. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் என் பல் அடித்துக்கொள்கிற சத்தம் உனக்குக் கேட்டிருக்கும், மாதக் கடைசியில் ஆப்பிரிக்கா போகவேண்டிய நீ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்து நிற்பாய். வந்து நின்றால் எனக்குச் சந்தோஷம்தான். அதனால்தான் சொல்லவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், மாத்திரை கொடுக்கிற நர்ஸ் பர்வீன் என்னிடம் ஒரு பெயர் கேட்டிருக்கிறாள். எனக்கு ஒன்று என்றால் கூப்பிட ஒரு ஆள், அந்த ஆளின் பெயரும் போன் நம்பரும். நாளைக் காலையில் வந்து கேட்பாள். அந்த ஒரு பெயருக்காகத்தான் இத்தனை பக்கம். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு நம் ஊர் மாதப் பத்திரிகையில் அச்சாகும். எத்தனை நீளமானாலும் போடுகிறேன் என்று அதன் ஆசிரியர் சொல்லிவிட்டார். பத்திரிகையின் ஆண்டு விழாவுக்கு எப்போதும் நான்தான் மைக் செட். வீட்டு விஷயத்தை ஊரறிய ஏன் எழுதவேண்டும் என்று நீ கோபப்படுவாய். ஊரறிய ஒரு தப்பைச் சொன்னேன், அதை ஊரறியத்தான் திருத்தவேண்டும்.

உன்னைப் பார்க்க நான் பெங்களூர் வந்தது நினைவிருக்கிறதா? அன்றைக்கு உங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் ரத்தம் கேட்டார்கள். கிருமி வளரவேண்டும் என்றால் மனுஷ ரத்தம் வேண்டுமாம், தண்ணீரிலோ பாலிலோ வளராதாம். விருப்பம் இருக்கிறவர்கள் கொடுக்கலாம் என்று ஒரு அம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டேன். ஒரு குடம் ரத்தம் கொடுத்ததாக இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். கொடுத்தது சின்னக் குழாய்தான், இந்த இடத்தில் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஊசி குத்தும்போது நான் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்பதில் மாற்றமில்லை. "இந்த வயசுல இவ்ளோ சுத்தமான ரத்தமா!" என்று அந்த அம்மா கன்னடத்தில் சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியாது, முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் நீ என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாய். கூட வேலை செய்கிற பிள்ளைகள் மூன்று நான்கு பேர் பின்னால் நின்றார்கள். சின்னக் கண்ணாடித் தட்டில் கிருமியோடு கலந்துவிட்ட என் ரத்தம்; திரையில் தட்டையாக, நடுவில் அமுக்கினாற்போல அணுக்கள். அவற்றில் ஒன்று மட்டும் உள்ளே மூட்டை கட்டியதுபோல இருந்தது. "பாருங்க சித்தப்பா, இப்ப வெடிக்கும்" என்றாய். வெடித்தது. கேழ்வரகைக் கொட்டியதுபோல பொடிப்பொடியாக வெளியே வந்தன.

"இதான் கிருமி. முதல்ல சும்மா போய் மோதும். எந்தப் பக்கம் பட்டாலும் மோதும். அப்புறம்தான் தலையைத் திருப்பும்."

"தலையா? அதுக்குத் தலை வேற கீதா?"

"ஒரு முனை கூம்பா இருக்கும். பிடிச்சிக்கிற புரதம்லாம் அந்த முனையிலதான். அணு மேல அதுக்கேத்த புரதம் இருந்தா, பிடிச்சிக்கும்."

"பின்னு, சாக்கெட்டு."

"அதேதான். ஆனா இன்னொண்ணு கேளுங்க. கடைசியா இறுக்கிப் பிடிக்குது பாருங்க, அந்தப் பிடிக்கு அணுவுல சாக்கெட்டே கிடையாது. இதுவே தன்கிட்ட இருக்கிற ஒரு புரதத்தை அணுவுக்குள்ள செலுத்தி, வெளிய நீட்டிக்கினு நிக்க வெச்சு, அப்புறம் அதைத் தானே பிடிச்சிக்கினு உள்ள போவுது."

"அடப்பாவி! பின்னும் அதோடது, சாக்கெட்டும் அதோடதா?"

"நம்ம எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி சித்தப்பா."

அத்தனை படித்த பிள்ளைகள் நடுவில், அந்தக் குளிரூட்டிய அறையில், நீ "நம்ம" என்று சொன்னாய். நீ அதற்குப் பிறகு சொன்னது பாதி என் காதில் விழவில்லை. எந்த மண்டபத்துக்குப் போனாலும் நம் பின்னுக்கு அவன் சாக்கெட் பொருந்தாது என்று நான் எப்போதும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போவது உனக்கு நினைவிருக்கிறதே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் திரையில் அந்தப் பொடி என் அணுவுக்குள் நுழைந்துவிட்டது. அணு ஒரு கணம் முள்முள்ளாகச் சுருங்கி மறுபடி விரிந்தது. உடம்பு சிலிர்த்துப் போனது எனக்கு.

பிறகு இரண்டாவது தட்டைக் காட்டினாய். அதில் ஏதோ மருந்து போட்டு, அணுக்களின் மேலிருந்த புரதங்களையெல்லாம் மழித்துவிட்டதாகச் சொன்னாய். "மொட்டை போட்டுட்டீங்க" என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தட்டில் கிருமிகள் வந்து மோதின, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் நழுவிப் போயின. "கொஞ்ச நேரம்தான். உள்ள போகலைன்னா வெளியவே செத்துடும்" என்றாய். நோய்க் கிருமிக்குப் பரிதாபப்படுவார்களா யாராவது? நான் பட்டேன். கதவு திறக்காத வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் உடனே இன்னொரு எண்ணமும் வந்தது. என் ரத்தத்தில் மலேரியா ஒட்டவில்லை! இதைவிட என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

"சித்தப்பா, ரெண்டு தட்டுலயும் உங்க ரத்தம்தான்" என்று நீ சொன்னாய். சொன்னது இப்போது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு நான் சொல்கிற முதல் புத்தி இதுதான்: யாராவது ஒன்றைக் காட்டினால் முதல் தட்டையும் மனதில் வைத்துக்கொள். நமக்குப் பிடித்த தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறக்கூடாது.

நான் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்தது, கீழ்பென்னாத்தூர் கல்யாணம், வேங்கிக்கால் புதுமனை புகுவிழா என்று மைக் கட்டப் போன இடமெல்லாம் பரவியது. ஆடி மாதம் நம் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அறிவிப்பு நான்தான் என்பது உனக்குத் தெரியும். கூழ் வர நேரமாகிவிட்டது, ஜனங்கள் சொம்போடு நிற்கிறார்கள், சும்மா நிற்கவைக்கலாமா? மைக்கைப் பிடித்து, "நம்ம குடும்பத்து ரத்தத்துல மலேரியா ஒட்டாது, விஞ்ஞானத்துல நிரூபணம் ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தவன், பேச்சு போகிற போக்கில், இந்த மலையடிவாரத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த யார் ரத்தத்திலும் ஒட்டாது என்று முடித்துவிட்டேன். ஜனங்கள் கை தட்டினார்கள். கை தட்டினால் மனிதனுக்குக் கண் தெரியாது. அந்த நேரம் பார்த்துத் தூறல். ஆம்ப்ளிஃபையர் நனையக்கூடாது என்று ஓடிப்போய் நம் மாடித் தண்ணீர் டேங்க்கின் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து அதன்மேல் கவிழ்த்தேன். அருமையாகப் பொருந்தியது. அதைத் திரும்பக் கொண்டுபோய் மூட மறந்துவிட்டேன்.

ஆவணியில் காய்ச்சல் வந்தது. முதல் நாள் உடம்பு வலி என்று நினைத்தேன். நடுவில் ஒரு நாள் சரியானது. மூன்றாம் நாள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது கையிலிருந்த கிளாஸ் ஆடி டீ முழுக்க வேட்டியில் கொட்டியது. கடைக்கார ஏழுமலை விடுவானா?

"இன்னா மைக் செட்டு, மலேரியா உன்னாண்ட வந்தா டெபாசிட் போயிடும்னியே?"

"இது மலேரியா இல்லடா. ஏ.சி. பழக்கம் ஆயிடுச்சி பெங்களூர்ல, இங்க அது இல்லாம உடம்பு ஆடுது."

"ஏ.சி. இல்லன்னா வேர்க்கும்யா, குளிராது. போய் ரத்தம் குடுத்துப் பாரு."

போகவில்லை. எப்படிப் போவது? அந்த வாரம்தான் பர்வீன் தெருவில் வீடு வீடாக வந்து, காய்ச்சல் கண்டவர்களுக்கு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி எடுத்துக்கொண்டிருந்தாள். நகர சுகாதார நிலையத்து நர்ஸ், வண்டி மேட்டுப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பெண். எதிர்வீட்டில் காய்ச்சலோடு கிடந்த அம்மாள் விரலை நீட்ட மாட்டேன் என்றுவிட்டாள். "நம்ம ரத்தத்துல ஒட்டாதுன்னு மைக் செட்டுக்காரரு சொன்னாரே" என்று அவள் சொன்னதை நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் போர்வையைச் சுற்றிக்கொண்டு கேட்டேன். என் வாழ்க்கையில் ஆயிரம் கதை அளந்திருக்கிறேன், எல்லாம் கேட்டவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோகிற கதைகள். ஒரு ஆள் அதை நம்பி, காய்ச்சலோடு கதவை மூடிக்கொண்டது அன்றைக்குத்தான். கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினேன். அந்த அம்மாள் பார்க்கும்படி பர்வீனிடம் விரலை நீட்டினேன்.

"இன்னாண்ணா, உங்க ரத்தத்துலதான் ஒட்டாதே?"

"ஒட்டுதான்னு பாத்துட்டு நீயே சொல்லும்மா."

எனக்கு இருந்தது. என்னைப் பார்த்துப் பிறகு விரலை நீட்டிய எதிர்வீட்டு அம்மாளுக்கு அது இல்லை, வேறு ஏதோ சளிக் காய்ச்சல், மருந்து சாப்பிட்டு எழுந்துவிட்டாள். எனக்கு வந்திருப்பது வைவாக்ஸ் என்ற வகை என்றாள் பர்வீன். நீ எனக்கு எப்போதோ சொன்னதுதான். இது இளம் அணுக்களை மட்டும் பார்த்துப் பிடிக்கிற வகை, இதற்கு வேண்டிய கொக்கியே தனி, ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்தில் ஏராளமான ஜனங்களின் அணுவில் அந்தக் கொக்கியே கிடையாது, ஆனாலும் இப்போது அவர்களில் சிலருக்கும் வருகிறது, எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது என்று பார்க்கத்தான் போகிறேன் என்றாய். நீ அங்கே தேடப் போகிற கிருமியின் சொந்தக்காரன் இங்கே உன் வீட்டிலேயே இருக்கிறான். இந்த வயதிலும் என் உடம்பில் புது ரத்தம் ஊறுகிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது பார்.

பர்வீன் அதோடு விடவில்லை. மாடி ஏறிப் போய் டேங்க்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "மூடி எங்கண்ணா? உள்ள அத்தனையும் புழு. வெளியூர்லேர்ந்து எத்தினி பேர் கிரிவலத்துக்கு வர்றாங்க, யாரையோ கடிச்ச கொசு இங்க வந்து குடும்பம் நடத்திக்கினு கீது" என்றாள். ஆம்ப்ளிஃபையர் மேல் இருக்கிறது என்று சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. டேங்க்கைக் கழுவி மூடிவிட்டாள்.

முதல் மாத்திரைகள் காய்ச்சலுக்கு. அது முடிந்ததும் நாளை முதல் இரண்டு வாரத்துக்கு வேறு மாத்திரை. "இந்தக் கிருமி கல்லீரல்ல போய்த் தூங்கும்ணா. மாசக் கணக்குல தூங்கிட்டு மறுபடி எழுந்துக்கும். அதை அங்கியே முடிக்கத்தான் இது" என்றாள். ரத்தத்தில் ஏதோ சோதனை பார்த்துக் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் சிறுநீர் டிகாஷன் மாதிரி கறுத்துப்போனால் உடனே நிறுத்தவேண்டுமாம், அவளைக் கூப்பிடவேண்டுமாம்.

"கூட யாரு இருக்காங்க?"

"வீடு நிறைய ஆளும்மா. இப்பதான் வெளிய போனாங்க."

"வாசல்ல ஒரு ஜோடி செருப்புதான் கீது."

"மத்தவங்க போட்டுக்கினு போய்ட்டாங்க."

"கழுவப் போட்ட தட்டும் ஒண்ணுதான் கீது. வெறுங்காலோட வந்து சாப்பிட்டாங்களாண்ணா?" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "தப்பா கேக்கலண்ணா. மயக்கமா கிடந்தீங்கன்னா எனக்கு எப்படித் தெரியும்? தினம் ஒரு தடவை மாத்திரை போட்டீங்களான்னு கேக்க ஒரு ஆளு வேணும். பேரு சொல்லுங்க, நானே அவங்களுக்குப் போன் பண்ணிப் பேசறேன்" என்றாள்.

சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்று முழுக்க யோசித்தேன். ஏழுமலை நல்லவன், ஆனால் கடையை விட்டு வரமாட்டான். என்னோடு பெட்டி தூக்க வருகிறவர்கள் முகூர்த்த நாள் தவிர மற்ற நாளில் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஒவ்வொரு பௌர்ணமியும் கிரிவலப் பாதையில் பந்தலில் உட்கார்ந்து, "மஞ்சள் சட்டை போட்ட குழந்தை நம்மிடம் இருக்கிறது, பெற்றோர் உடனே வரவும்" என்று சொல்கிறேனே, எத்தனை குழந்தைகளை எத்தனை அம்மாக்களிடம் சேர்த்திருக்கிறேன்! பிள்ளையை வாங்கிக்கொண்டவர்கள் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள், மைக்கில் பேசினவனைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அது சரிதான், நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஊர் முழுக்க என் குரலைத் தெரியும், அதில் ஒரு ஆளைப் பெயர் சொல்லி இவரைக் கூப்பிடு என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் சுவர் ஓரமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டி அடுக்கியிருக்கிறது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கும்போது அவை எல்லாம் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது.

உன்னை என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது நீ யாரோடும் பேசவில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே விபத்தில் போய்விட்ட பிள்ளை, எப்படிப் பேசும்? எனக்குக் குழந்தை வளர்த்துப் பழக்கமில்லை. பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள், நான்தான் பிடிகொடுக்கவில்லை என்று உன்னிடம் சொல்லியிருப்பேன். வரிசையெல்லாம் இல்லை, ஒரு இடம் வந்தது, அவர்களும் திரும்ப வரவில்லை. பொம்மை வாங்கினேன், ஜவ்வு மிட்டாய் வாங்கினேன், கோமாளி மாதிரி ஆடிக் காட்டினேன். நீ மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய். ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்து மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. ஏதோ சாமான் எடுக்க நான் எழுந்து போனேன். திடீரென்று தெரு முழுக்க ஒரு பிஞ்சுக் குரல்: "சித்தப்பா, பசிக்குது."

மலையில் மோதித் திரும்பி வந்தது அந்தக் குரல். இதில் மட்டும் நான் கொஞ்சமும் சேர்க்கவில்லை. தெருவில் அவரவர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு உப்புமாதான் செய்யத் தெரியும், அதிலும் உப்பு அதிகம். நீ சாப்பிட்டாய். அந்த வீட்டில் எனக்கு என்று ஒரு இடம் அன்றைக்குத்தான் கிடைத்தது, அது என் சொந்த வீடாக இருந்தும். அதற்கு முன்னால் அது வெறும் சாமான் வைக்கிற இடம்.

போகிற நாட்டில் உனக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். அவர்கள் பேச்சு புரியாது, சாப்பாடு பிடிக்காது. நமக்காக யாரும் இடம் செய்து வைத்திருக்கமாட்டார்கள். அதற்காக அறைக்குள் உட்கார்ந்துவிடாதே. போய் நாலு பேரோடு சாப்பிடு, தப்புத் தப்பாகவாவது அவர்கள் மொழியில் பேசு, அவர்கள் சிரித்தால் நீயும் சிரி. நீ பேசுவதில் கம்மியாகவும் கேட்பதில் ஜாஸ்தியாகவும் இரு. என்னைப் போல் தலைகீழாக இருக்காதே. ரத்தம் கொடுக்க வருகிற ஜனங்களிடம் எதற்காக எடுக்கிறோம், என்ன தெரிந்தது என்று முழுசாகச் சொல்லு. பாதி சொன்னால் அவர்கள் அந்தப் பாதியைத்தான் ஊருக்குக் கொண்டுபோவார்கள். கொசுவலைக்குள் படு. மலேரியா உனக்கும் ஒட்டும்.

டிக்கெட்டைத் தள்ளிப் போடாதே. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பர்வீன் சொன்னபடி மாத்திரை சாப்பிட்டால் எழுந்துவிடுவேன். நான் யோசித்து முடித்துவிட்டேன். நாளைக்கு அவள் வந்து கேட்டால் உன் பெயரையும் உன் நம்பரையும்தான் சொல்லப்போகிறேன். என்ன உறவு என்று கேட்பாள், மகன் என்று சொல்வேன். சொல்லிவிட்டுப் பிறகு உன்னிடம் கேட்பதைவிட முன்னாலேயே சொல்லிவிடுவது மரியாதை என்று தோன்றியது. அவள் உடனே உன்னைக் கூப்பிடுவாள், அப்படிப்பட்ட பெண். தெரியாத நம்பராக இருக்கும். வேலையில் இருப்பாய், தெரியாத நம்பரை நீ எடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எடுத்தால், "நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்றுதான் முதலில் கேட்பாள். "அவரு எங்க சித்தப்பா" என்று நீ சொன்னால் இன்னொரு தடவை அவளிடம் நான் பொய்க்காரனாவேன். ஆனால் ஆகிவிட்டுப் போகிறேன், எனக்கு அது புதுசில்லை. நீ எதை வேண்டுமானாலும் சொல்லு.

போனை மட்டும் எடு.